மூன்றாம் வகுப்பின் பின்னால் ஒரு டவர்

கடைசிப் பீரியடில், மேஜைமேல் கன்னத்தைப் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்த சிறுமி, "சரி, மிச்சத்த நேர்ல பேசிக்கலாம். வச்சிடறேன்" என்றாள். ஐம்பது வயது ஆணின் குரல் அது.

நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வயதுப் பெண். ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டாள் என்பதால் பள்ளி முழுக்க அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர். அப்படிப்பட்டவள் இந்த வாரம் எந்நேரமும் தூங்கி வழிந்தாள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு இதுவும் பேசுகிறது என்று நினைத்து அவர் மறுபடி குனிந்துகொண்டார். வகுப்பாசிரியை விடுப்பு. மாற்று ஆள் கிடையாது. முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தன. எதையும் யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ஜன்னலுக்கு வெளியே, திடலின் மூலையில் செல்போன் டவர் நின்றது. திங்கட்கிழமையிலிருந்து சோதனைக்காக ஓடுகிறது. அன்றிலிருந்து, சாக்பீஸ் தூளும் பென்சில் சீவலும் மணக்கிற அந்த அறையில் சூடேறிய ஒயரின் வாடை லேசாகக் கலந்திருந்தது. காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் ஒரு ரீங்காரம், கவனித்தால் நின்று, மறந்தால் தொடங்கியது. டவர் நிரந்தரமாக இருக்கலாமா, கழற்றச் சொல்வதா என்று முடிவெடுக்க ஐந்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். இது மூன்றாவது.

பள்ளி விட்டு மற்றப் பிள்ளைகள் போன பிறகும் வாலுவை எழுப்ப முடியவில்லை. கூட்டத்துக்கு வரும் அம்மா கூட்டிப் போகட்டும் என்று அவளை அங்கேயே விட்டுவிட்டு, கைப்பையையும் மறந்து, போனை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"எங்கம்மா நெஞ்ச புடிச்சிட்டு உட்கார்ந்தப்ப, போன் போட மொட்டை மாடி வரைக்கும் ஓடினேன்" என்றாள் ஒரு நர்ஸ். "லைன் கிடைச்சு கீழ வந்து பார்த்தா அம்மா இல்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"அதுக்காகப் புள்ளைங்க தலைமேலயா கொண்டுவந்து நட்டு வைக்கணும்?" என்றார் ஒரு மெக்கானிக். "வேற எடமே இல்லையா?"

தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்த வாலுவின் அம்மா, தோளில் ஒட்டியிருந்த நூலைக்கூடத் தட்டிவிடாமல் எழுந்தாள். "எம்பொண்ணு திங்கட்கிழமையிலேர்ந்து சரியில்லீங்க. தூக்கத்துல யார் யார் மாதிரியோ பேசறா."

"முழிச்சிருந்தாலும் அவ வாய் மூடாதேம்மா!" என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சரிசமம். எல்லாரும் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள்.

அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகிறது. போன வருடம் கட்டிலிலிருந்து விழுந்து மூன்று மணி நேரம் தரையில் கிடந்தார். அங்கிருந்து அவர் போட்ட போன் ஒன்றும் பள்ளிக்குள் வரவில்லை. இந்த வாரம்தான் ஒவ்வொரு இடைவேளையிலும் அவரோடு பேச முடிந்தது. இன்று மத்தியானம் மட்டும் எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று விட்டுவிட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்று கையைத் தூக்கினார். வாலுவின் அம்மா அவரைப் பார்த்த பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூடம் கலைவதற்குள் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்.

"டீச்சர், சாருக்குக் காபி குடுக்கலாம்னு போனேன்... உடம்பு சில்லுன்னு இருக்குங்க. மத்தியானமே போயிட்டார் போல. ஒடனே வாங்க."

அழுகை வரவில்லை. வகுப்பில் மறந்த கைப்பையில்தான் பஸ் காசு இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. நடைவழியின் சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்றாம் வகுப்புக்கு நடந்தார். உள்ளே ஒயர் வாடை மூக்கில் ஏறியது. ஜன்னல் வெளிச்சம் மங்கி, டவரின் நிழல் பெஞ்சுகளுக்குக் குறுக்கே கம்பி கம்பியாக விழுந்திருந்தது. வாலு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன.

பையை எடுத்தார். திரும்பினார்.

"டீச்சலம்மா."

அவர் கால் நின்றுவிட்டது. 'டீச்சரம்மா' என்று கேலியாகக் கூப்பிடுவது கணவர் ஒருவர்தான். நோய்க்குப் பிறகு அவர் நாக்குக்கு 'ர' வராது. அது பள்ளியில் யாருக்கும் தெரியாது.

சிறுமியின் உதடு வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"எங்க போன டீச்சலம்மா? லொம்ப நேலமா கூப்பிட்டுக்கிட்டு இலுக்கேன்."

அதே கரகரப்பு. அதே மூச்சிரைப்பு.

"என்னங்க?" என்று பக்கத்தில் வந்தார்.

"இங்க ஒலே இலுட்டா இலுக்கு. வச்சிடாத. அப்புலம் லைன் கிடைக்காது."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சிறுமியின் கையைத் தொட்டார். ஐஸ். விரல் நகங்கள் நீலம். காதிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் இறங்கி, சட்டைக் காலரில் ஊறிக்கொண்டிருந்தது.

வெளியே காலடிச் சத்தம். "வாலு! எங்கடி இருக்க? வா, வீட்டுக்குப் போலாம்."

அம்மா.

ஒரு குரல் கொடுத்தால் போதும். பெண்ணைத் தூக்கிக் கொடுத்தால் போதும். கதவு திறந்துதான் இருந்தது.

தலைமையாசிரியை எழுந்தார். கதவைச் சாத்தி, சத்தம் கேட்காதபடி தாழ்ப்பாளை மெதுவாகப் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, சிறுமியின் காதோரத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

கதவு தட்டப்பட்டது. மறுபடி. பலமாக.

"ம்" என்றார். "சொல்லுங்க."