விரித்துக் கொடுத்த இடம்

அழித்த கோப்பு திரும்பி வந்திருந்தது.

முத்துச்செல்வி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எந்த லைனும் ஓடவில்லை, சர்வர் அறையின் குளிரில், லேசான கருகல் வாடைக்கு நடுவே, விசிறிகளின் இரைச்சல் மட்டும் ஒரே சீராக நீண்டுகொண்டிருந்தது. கேமராப் பதிவுகள் சேரும் பழைய சேமிப்பகம் பதினாறு டெராபைட்டோடு முட்டி நின்றுவிடும். அதற்குமேல் எண்ணவே அதற்குத் தெரியாது. காலையிலிருந்து அந்த வரம்பை மாற்றி, புது டிஸ்குகளைச் சேர்த்து, அதைப் பல மடங்காக அவள் விரித்திருந்தாள். இனி வருடக்கணக்கில் எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒன்றைத் தவிர.

அது வியாழக்கிழமை, பெயிண்ட் ஷாப்பில், பூசிய பெயிண்டைச் சூட்டில் காயவைக்கும் அறை போன்ற ஓவனின் வாசலில் பதிவான ஒரு மணி நேரம். ஒப்பந்தத் தொழிலாளியான எல்லப்பன் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியே தாழ்ப்பாள் போட்டுச் சூட்டை ஏற்றிவிட்டுப் போனார். எல்லப்பன் யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்ச் செத்ததாகக் கம்பெனி சொல்லப்போகிறது.

காலையில் மேலாளர் இராமச்சந்திரன் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஒரு ஃபைல் மட்டும் இருக்க வேணாம்மா. மேலேர்ந்து சொல்றாங்க. உன்ன பெர்மனன்ட் பண்றதும் அவங்கதான்."

"சரி சார்."

அந்தச் சொல் அத்தனை சுலபமாக வாயில் வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது. மண்ணூர்க்காரரான எல்லப்பன் ஒருநாள் கேண்டீனில், "ஏம்மா, இந்த கேமரா எங்கள பாத்துக்கினேவா கீது?" என்று கேட்டிருந்தார். "பாத்துக்கிட்டேதான் இருக்கும்ணே," என்று அவள் சிரித்திருந்தாள்.

அழித்த மறுகணம் மின்சாரம் ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது. இந்தச் சேமிப்பகம் தான் செய்யப்போவதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு பிறகே செய்யும். எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போனால், அந்தக் காரியமே நடக்காததாகிவிடும். அதனால்தான் கோப்பு திரும்பியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி அழித்தாள்.

மறுபடி வந்தது. முன்னைவிடப் பெரிதாக.

திறந்தாள். ஓவன் கதவு. கேமராவுக்கு ஒலி கிடையாது. தாழ்ப்பாள் துள்ளுவது மட்டும் தெரிந்தது. கடைசியில் ஆட்கள் ஓடிவந்து கதவைத் திறப்பார்கள். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். இப்போது அந்த இடம் கடந்துபோனது. யாரும் வரவில்லை. தாழ்ப்பாள் துள்ளிக்கொண்டே இருந்தது.

"சார், அந்த ஃபைலு திரும்ப வந்துட்டு," என்றாள் போனில். "இன்னும் ரெக்கார்டு ஆகிட்டு இருக்கு."

"அந்த கேமராவ அன்னிக்கே கழட்டிட்டாங்களேம்மா." இராமச்சந்திரன் குரலை இன்னும் தாழ்த்தினார். "நீ அழிச்சிட்டுக் கிளம்பு."

கோப்பின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. பழைய டிஸ்காக இருந்தால் எங்காவது முட்டி நின்றிருக்கும். இப்போது நிற்காது. எல்லப்பன் உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தை அவள்தான் விரித்துக் கொடுத்திருக்கிறாள்.

எழுந்தாள்.

தகரக் கூரையின் வெப்பம் உச்சந்தலையில் இறங்க, தின்னர் வாடை தொண்டையைக் கரகரக்கவைக்க, தன் செருப்புச் சத்தத்துக்கே ஒதுங்கி ஒதுங்கி, ஓய்ந்து கிடந்த கன்வேயரை ஒட்டி நடந்தாள். பெயிண்ட் ஷாப்பில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் வெள்ளையாக விழுந்திருந்தது. கேமரா இருந்த இடத்தில் வயர் மட்டும் தொங்கியது.

தாழ்ப்பாள் அசையவில்லை.

திறந்தாள். வெற்று இரும்புச் சுவர்கள். ஒரு துடைக்கும் துணி.

"அண்ணே?"

ஒன்றுமில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே அசிங்கமாகவும் இருந்தது. திறந்து கிடந்தால் யார் வந்தது என்று நாளைக்குக் கேட்பார்கள். சாத்தினாள். கதவு கடைசியில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. தோளால் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

சர்வர் அறைக்குத் திரும்பியபோது பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

படத்துக்குள் ஒரு பெண் வந்தாள். நீலத் துப்பட்டா. அவளேதான். கதவைத் திறந்தாள்.

எல்லப்பன் நின்றிருந்தார்.

கைக்கெட்டும் தூரத்தில். தோல் வழன்ற கைகளைக் குவித்துக் கும்பிட்டபடி. வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. படத்திலிருந்த முத்துச்செல்வி அவரை ஊடுருவிச் சுவரைப் பார்த்தாள். அவர் முகம் மலர்ந்தது. ஒரு கையால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, வெளியே வரக் காலை எடுத்து வைத்தார்.

அவள் சாத்தினாள்.

தோளால் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்துபோனாள். அவள் முதுகுக்குப் பின்னால், கதவிடுக்கில், நான்கு விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.