மணி நின்ற இடம்

சமையலறையில் மணிச் சத்தம் நின்றது.

நீவெஸ் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். காட்டிலிருந்து வந்த பிறகு பிரீனாவின் கழுத்துப்பட்டையை அவள் இன்னும் கழற்றவில்லை. பட்டையில் தொங்கும் பித்தளை மணி, நாய் மேசையைச் சுற்றுவதையும் விறகுக் கூடையை முகர்வதையும் கதவடியில் ஈர மூக்கை உரசுவதையும் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. சட்டென்று சத்தம் இல்லை. நாய் படுத்தால் மணி ஒருமுறை இடறிவிட்டு அடங்கும். இது அப்படி அடங்கவில்லை, கத்தரித்தாற்போல் நின்றது. இந்த மலையில் பிறந்த யாருக்கும் அதற்கு ஒரே பொருள்தான். புதருக்குள் நாய் பறவையைக் கண்டுவிட்டது. ஆள் வந்து சேரும்வரை கல்லாக நின்று அதைப் பிடித்துவைத்திருக்கும்.

அது காட்டில். வீட்டுக்குள் எந்த நாயும் அப்படி நிற்பதில்லை.

அவள் திரும்பினாள். முன்னங்கால் ஒன்றைப் பாதி தூக்கியபடி, வால் குச்சியாக நீண்டு, கழுத்து நீட்டி நின்றது பிரீனா. வெள்ளை ரோமத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் விளக்கொளியில் ஈரமாக மின்னின. பதினாறு மாதக் குட்டி. மூக்கு தொட்டியை நோக்கியிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டு வேட்டைக்காரன் எர்மெஸ் இன்று காட்டில் கொடுத்த பறவை, ஒரு காட்டு உள்ளான், செத்துக் கிடந்தது.

"அடிப்பாவி, இப்பவா?" என்றாள் நீவெஸ். குரல் உடைந்தது. சந்தோஷத்தில்தான்.

இன்று மூன்று பறவைகள். மூன்றின் மேலும் பாய்ந்து கலைத்துவிட்டது இந்த நாய். எதிர்ச்சரிவில் நின்ற எர்மெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏம்மா நீவெஸ், நாய் பழக்குறியா, கோழி வெரட்டுறியா? ஜெம்மா கையில பூனைக்குட்டியாட்டம் நின்னுச்சே இது!" பிறகு பாவம் பார்த்து ஒரு உள்ளானைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த இரக்கத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டு நாய்ப் பீயை அள்ளியவள் அவள். நடுங்கும் குட்டிகளை ரவிக்கைக்குள் வைத்துச் சூடேற்றியவள், நீளக் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை தோலுரிந்தவள். ஜெம்மா யார்? தம்பி தாரியோ பொலோன்யா நகரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். சேற்றில் கால் வைக்கத் தெரியாமல் நகச்சாயத்தோடு வந்து இறங்கினாள். ஏழு மாதக் குட்டியிடம் மெல்ல "நில்லுடா தங்கம்" என்றாள், அது நின்றது. அன்று ராத்திரி சோளக்களியை அப்பா முதலில் அவள் தட்டில் போட்டார். பெற்ற மகளைப் பார்த்துச் சொன்னார்: "அதுக்குக் கை வேணும்டி. உழைச்சா வராது அது."

ஜெம்மா இளக்காரமாகச் சிரித்திருந்தாலாவது தேவலை. அவளோ, "எல்லாம் அண்ணி சொல்லிக் குடுத்ததுதான் மாமா" என்றாள். அதையும் பிச்சை போலப் போட்டாள்.

இப்போது ஜெம்மா இல்லை. செத்து இன்று முப்பதாம் நாள். அப்பாவும் தாரியோவும் அவளுக்கான பூசைக்குக் கீழே ஊர்க் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். "நீ வரவேணாம், நாயைப் பாரு" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை போட்டியில உன் கையில நின்னா நாய் உனக்கு. நிக்கலேன்னா தாரியோ எடுத்துட்டுப் போகட்டும், பொண்டாட்டி ஞாபகத்துக்கு."

செத்த பிறகும் அவளுடைய நாய்தான்!

இதோ நிற்கிறதே. எனக்கு நிற்கிறது. நீவெஸ் கையைத் துடைத்தாள். "நில்லு" என்றாள் மெதுவாக. நின்றது. மூச்சுகூடத் தெரியவில்லை. இருபது எண்ணினாள், நாற்பது எண்ணினாள். ஜன்னலுக்கு வெளியே மணி நாலுக்கே மூடுபனி இறங்கி, வேலி, கொட்டில், சரிவு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. அன்றைக்கும் இதே பனி.

அன்று நீவெஸ் காட்டின் ஓரத்தில், மண் சரிந்து போன பள்ளத்தாக்கு விளிம்புக்குப் பக்கத்தில் நின்றாள். பனிக்குள் ஜெம்மா நாயைப் பழக்கும் மணிச் சத்தத்தை மேலே அப்பாவும் எர்மெஸும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணியை ஆட்டிக்கொண்டு பிரீனா பனிக்குள்ளிருந்து அவளிடமே வந்தது. சட்டைப் பையிலிருந்த ஆட்டுரோமத்தை மணிக்குள் அடைத்து நாயை விட்டுவிட்டாள். அவ்வளவுதான். சத்தம் நின்றால் நாய் நிற்கிறது என்று ஜெம்மா கத்துவாள், நாயோ எங்கேயோ ஓடிப் பறவையைக் கலைக்கும். அப்பா பார்ப்பார். "கை" என்ன லட்சணம் என்று தெரியும். வேறெதுவும் அவள் நினைக்கவில்லை.

"அண்ணி! நின்னுடுச்சு! சத்தம் நின்னுடுச்சு, கேட்டீங்களா?" பனிக்குள் ஜெம்மாவின் குரல், சின்னப் பிள்ளை மாதிரி. சத்தம் கடைசியாகக் கேட்ட இடத்தை நோக்கித்தானே யாரும் வருவார்கள். வந்தாள். சருகு மிதிபடும் ஓசை விளிம்பை நெருங்கியது. "நில்லு" என்று ஒரு வார்த்தை போதும். நீவெஸின் வாயில் அது இருந்தது. இரண்டு மூச்சு நேரம் இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

மண் சரியும் சத்தம் அதிகம் கேட்கவில்லை. நாய் திரும்பி வந்ததும் ரோமத்தைப் பிடுங்கி எறிந்தாள். "பனி கொன்னுடுச்சு" என்று அப்பா அழுதார்.

போதும். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? உள்ளானைக் காலைப் பிடித்துத் தூக்கி, எதிர்ச் சுவரில் இருந்த உயரமான பலகையில் வைத்தாள். வாசனை போனால் நாய் தளரும், பட்டையைக் கழற்றலாம்.

நாயின் மூக்கும் அவளோடு பலகைவரை வந்தது. சரிதான், வாசனை.

அவள் அடுப்புப் பக்கம் போனாள்.

டிண்.

ஒரே ஒரு தடவை. திரும்பிப் பார்த்தாள். பிரீனா வயிறு தரையில் உரச, பூனை மாதிரிப் பதுங்கி, ஒரு அடி முன்னால் வந்திருந்தது. பறவை நடந்தால் நாய் இப்படித்தான் பின்தொடரும். ஆனால் உள்ளான் பலகையில் கிடந்தது. மூக்கு அடுப்புப் பக்கம் இருந்தது.

அடுப்பில் எலியோ என்னவோ. இரும்புக் கதவைத் திறந்தாள். சாம்பல், இரண்டு கங்கு. அவள் மேசையைச் சுற்றி மறுபக்கம் போனாள்.

டிண். டிண்.

மூக்கு மேசைக்கு அப்பாலிருந்து அவளை நோக்கி நீண்டது. ஈரமான, கறுத்த, துடிக்கும் மூக்கு. கண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளை ஊடுருவி எங்கோ நிலைத்திருந்தது. பறவையை எந்த நாயும் முகம் பார்ப்பதில்லை.

"போதும்டி. விடு. வா இங்க."

அசையவில்லை.

"பிரீனா! விடுன்னு சொல்றேன்ல!"

வால் இன்னும் விறைத்தது. இத்தனை அழகாக எந்த நாயும் நின்று அவள் பார்த்ததில்லை. அப்பா பார்த்தால் அழுவார். இந்தப் பயத்திலும் அவள் நெஞ்சில் பொறாமை முள்ளாகக் கிளறியது. இது தன் கையில் நிற்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் யார் கையில்?

கதவு நாலு எட்டுதான். ஒரு எட்டு வைத்தாள்.

டிண்.

நாய் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் வந்துவிட்டது.

சுவரோடு ஒட்டினாள். கொட்டிலில் மற்ற நாய்கள் இத்தனை நேரம் குரைத்துக்கொண்டிருந்தனவா? இப்போது ஒன்றும் இல்லை. அடுப்புக் கங்கு வெடித்தது. எங்கிருந்தோ ஈர மண் வாசனை வந்தது. புதிதாகச் சரிந்த மண், வேர் அறுந்த மண்.

ஓடிவிடலாம். ஒரு நாய்தானே. எட்டி உதைத்தால் போதும்.

கால் வரவில்லை. நாய் முன்னால் நின்றால் பறவை ஏன் பறப்பதில்லை என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். சிறகு இருக்கிறது, வானம் இருக்கிறது, உட்கார்ந்தே இருக்கும். அவளும் எத்தனையோ பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறாள்.

அப்போது பிரீனாவின் காதுகள் திரும்பின.

மூக்கு அவள் மேலேயே இருந்தது. காதுகள் மட்டும் பின்னால், கதவுப் பக்கம். தன் ஆள் நடந்து வரும் சத்தம் கேட்டால், நிற்கும் நாய் செய்வது அதைத்தான்.

கதவு மூடித்தான் இருந்தது.

சருகு மிதிபடும் ஓசை. வீட்டுக்குள். கல் தரையில்.

ஒரு அடி. இன்னொரு அடி. அவசரமில்லை. நாய் பிடித்துவைத்திருக்கிறது, அவசரம் எதற்கு?

ஓசை நாயின் பின்னால் வந்து நின்றது. பிரீனா பெருமையில் நடுங்கியது. அதன் இடுப்பில் வெள்ளை ரோமம் மெல்லப் படிந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. பிறகு தோள்வரை, தடவிக்கொடுப்பது போல, ஐந்து விரல்களின் கோடுகளோடு.