ஒரு துளி சீரம்... ஓர் அலறல்

"ஆ...!"

உடையார்கட்டின் கடைசி ஒழுங்கையில், காலைத் தேத்தண்ணீர் நேரத்தில் எழுந்த அலறல் அது.

வேலிக்கு வெளியே மாடு சாய்த்துக்கொண்டு போனவர் நின்றுவிட்டார். மாடுகள் நிற்கவில்லை.

அழகம்மா குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

மகள் ராஜினி கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். காலடியில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் கிடந்தது.

"என்னடி ஆச்சு? கையை எடு."

எடுத்தாள்.

இடக் கன்னம் செக்கச் செவேலென்று இருந்தது.

"எரியுது அம்மா... நெருப்பா எரியுது..."

அழகம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்று பின்னேரம் விசுவமடுவிலிருந்து ராஜினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களைக் கூட்டிவரத்தான் அவள் புருசன் ஆண்டியப்பன் விடியவே சைக்கிளில் புறப்பட்டிருந்தார். இந்த முகத்தோடு பிள்ளையை யார் முன்னால் நிறுத்துவது?

"அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள குடுத்த மருந்தையா பூசுன?"

ராஜினி தலையாட்டினாள்.

அவ்வளவுதான். அழகம்மா வாசலுக்கு வந்து போட்ட சத்தத்தில் ஒழுங்கை முழுக்க முற்றத்தில் கூடிவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் வந்தாள்.

தாட்சாயினி. வயது இருபத்திநாலு. பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் இரசாயனம் படித்தாள். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்தபோது படிப்பு அங்கே நின்றுவிட்டது, அவள் மட்டும் வன்னிக்கு வந்து சேர்ந்தாள். இது தொண்ணூற்றெட்டு. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்காமல் ஊர் பனங்களியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஒருத்தி முக அழகுக்கு மருந்து கண்டுபிடித்தாள் என்றால், அவளுடைய துணிச்சலை என்னவென்று சொல்வது!

கற்றாளைச் சாறு. படிகாரம். ரோசாப்பூ வடித்த தண்ணீர். எண்ணெய் வடியும் முகத்துக்கும், மூக்கோரம் விரிந்துபோன மயிர்த்துளைகளுக்கும். பெயர், சீரம்.

பரிசோதனைக்கு முகம் கொடுத்தவள் ராஜினி.

"என்னம்மா குடுத்த எம் புள்ளைக்கு?" அழகம்மா பாய்ந்தாள்.

"அழகம்மாக்கா, அஞ்சு நாளாப் பூசுறாள். ஒண்டும் நடக்கேல்லையே..."

"இன்னைக்கு நடந்திருச்சே."

கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. நேற்றுவரை "எனக்கும் ஒரு போத்தல் தாங்கோ" என்று நின்ற பெண்களே இன்று தாட்சாயினியை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"வழி விடுங்கோ... வழி விடுங்கோ..."

விதானையார் கதிர்காமநாதன் வந்துவிட்டார்.

விதானை வேலை என்றால் பங்கீட்டு அட்டை எழுதுவதும், வதிவிடத்துக்கு அத்தாட்சி கொடுப்பதும்தான். ஆனால் இந்த ஊரில் கோழி களவு போனாலும் அவர்தான் விசாரிப்பார். தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போனதாக வரலாறு இல்லை. வீட்டில் எப்படியோ, ஊருக்கு முன்னால் நேர்மையான மனுசர்.

இன்றைக்கு வியர்த்து விறுவிறுத்து மிதிசைக்கிளில் வந்திருந்தார்.

"சீரமோ? அது பாம்பு கடிச்சால் ஆசுப்பத்திரியில ஏத்திறதெல்லோ, பிள்ளை?"

"இது வேற, ஐயா. வெளிநாட்டில முகத்துக்குப் பூசுறதுக்கும் அப்பிடித்தான் சொல்லுறவை."

"என்னெண்டு சோதிச்சனீர்?"

தாட்சாயினி மூச்சை இழுத்து விட்டாள்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தரம், வலக் கன்னத்தில மட்டும் பூசச் சொன்னனான். இடக் கன்னத்தில ஒண்டும் பூசக்கூடாது. மத்தியானத்தில கொப்பித்தாளில ரெண்டு துண்டு கிழிச்சு, ரெண்டு பக்கமும் ஒற்றிப் பார்ப்பம். இடப்பக்கத்துத் தாள் எண்ணெயில தோய்ஞ்சு கண்ணாடி மாதிரித் தெரியும். வலப்பக்கத்துத் தாள் காய்ஞ்சிருக்கும். அஞ்சு நாளா அதுதான் நடந்தது."

"அப்ப மருந்து வேலை செய்யுது."

"ஓம்."

"பிறகேன் எரிஞ்சது?"



விதானையார் போத்தலைக் கையில் எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

முகம் மாறியது.

"பிள்ளை... இதில இருக்கிறது உம்மட மருந்தில்லை."

"வேற என்ன?"

"பெற்றோல்."



பெற்றோல்! இந்த ஊரில் தங்கம்கூடக் கண்ணில் படும். பெற்றோல் படாது.

"அழகம்மா, இவள் இதைப் பூசிக்கொண்டு உன்ர அடுப்படிக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?"

அழகம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஆரோ வேணுமெண்டு செய்திருக்கினம்." விதானையார் குரலைத் தாழ்த்தினார். "இது கொலை முயற்சி."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாட்சாயினி மட்டும் முன்னால் வந்தாள். போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீண்ட மூக்கு வைத்த மருந்துப் போத்தல். அமத்தினால் பீச்சும். ஆசுப்பத்திரியில் வெறும் போத்தல்களைக் கேட்டு வாங்கி, கழுவித்தான் அவள் சீரம் நிரப்புவாள்.

"ஐயா, இந்தப் போத்தலை நான் மட்டும் பாவிக்கிறேல்லை."

"வேற ஆர்?"

"மோட்டச்சைக்கிள் வச்சிருக்கிற எல்லாரும்."

வன்னியில் அன்று மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்யில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு மசியாது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் பீச்சி உதைத்தால்தான் உயிர் வரும். அதற்காகவே ஒவ்வொருவரும் பெற்றோல் நிரப்பிய ஒரு சின்னப் போத்தலை உயிரைப்போல் வைத்திருந்தார்கள். அதே நீண்ட மூக்குப் போத்தல்.

"அப்ப ஆரோ இஞ்ச வந்து, தன்ர போத்தலை வச்சிட்டு, என்ர சீரத்தை மாறி எடுத்துக்கொண்டு போயிருக்கினம்."

"கொலை முயற்சி இல்லையோ?" விதானையார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"இல்லை. ஆனால் வந்தது ஆரெண்டு கண்டுபிடிக்கலாம். ஆற்ற மோட்டச்சைக்கிள் இண்டைக்கு ஸ்ராட் வரேல்லையோ, அவர்தான்."

"கெட்டிக்காரி!"

ஊரில் இருந்தவை நாலே நாலு மோட்டார் சைக்கிள்கள். விதானையார் கட்டளை போட்டார். மூன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக உதைத்தார்கள்.

முதலாவது... கிளம்பியது.

இரண்டாவது... இருமிவிட்டுக் கிளம்பியது.

மூன்றாவது புகையால் முற்றத்தையே மறைத்துவிட்டுக் கிளம்பியது.

"மூண்டும் சரி. நாலாவது எங்க?" விதானையார் அதட்டினார்.

தாட்சாயினிதான் மெல்லச் சொன்னாள்.

"ஐயா... நாலாவது உங்கட."

"என்ர மோட்டச்சைக்கிளோ? அது காலமை அரைப் போத்தல் அடிச்சும் ஸ்ராட் வர..."

வசனம் பாதியில் நின்றது.

அவர் ஏன் மிதிசைக்கிளில் வந்தார் என்பது இப்போது எல்லோருக்கும் விளங்கியது.

ஊர்வலம் விதானையார் வீட்டுக்குப் போனது. அழகம்மா ராஜினியையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். விதானையாரின் மனைவி ஜெகதீஸ்வரி சுளகோடு வாசலுக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

தாட்சாயினி மோட்டார் சைக்கிளில் தொங்கிய பைக்குள் கை விட்டாள். போத்தல் வந்தது. உள்ளங்கையில் ஒரு துளி பீச்சினாள்.

ரோசாப்பூ வாசம்.

"என்ர சீரம்தான். ஐயா, நீங்கள் அடிச்ச அடிக்கு உங்கட எஞ்சினில இனி எண்ணெய் வடியாது."

யாரோ சிரித்துவிட்டார்கள். விதானையார் சிரிக்கவில்லை.

"நான் அழகம்மா வீட்டுப் பக்கம் போகவேயில்லை. அப்ப இதைக் கொண்டுபோனது..."

அவர் மெல்லத் திரும்பினார்.

மகன் சுதாகரன் மாமரத்தடியில் நின்றான். வெளிறிப் போயிருந்தான்.

"டேய். நீயோ?"

"ஓம் அப்பா. விடியக்காலமை உங்கட மோட்டச்சைக்கிளில போனனான்."

"ஏன் போனனீ?"

"பின்னேரம் அவளைப் பாக்க வருகினமெண்டு கேள்விப்பட்டன். ராத்திரி முழுக்க நித்திரை வரேல்லை." அவன் குரல் உடைந்தது. "ரெண்டு வருசமா விரும்புறன், அப்பா. உங்களிட்டச் சொல்லப் பயம். போத்தலை எப்ப மாறி எடுத்தனெண்டு எனக்கே தெரியாது. நாய் குரைச்ச பதற்றத்தில..."

விதானையாரின் மீசை துடித்தது.

ஆண்டியப்பன் குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியது. ஆண்டியப்பன் வேலை செய்வது விதானையாரின் வயலில். வயலுக்கு வருகிறவன் வீட்டுக்குச் சம்பந்தியாக வருவதா? இப்படியொரு யோசனையை வீட்டில் யாராவது வாயில் எடுத்திருந்தால், அன்று சோத்துக் கோப்பை முற்றத்தில் பறந்திருக்கும்.

ஆனால் இது வீடில்லை. கூட்டம் நிற்கிறது.

அழகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா... விடியக்காலத்துல உங்க மகன் எங்க வேலிக்குள்ள வந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி எம் புள்ளைய யாருங்க பார்க்க வருவாங்க?"

விதானையார் நிலத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற ராஜினியைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் கண்ணீர் அவர் மனதை என்னவோ செய்தது. வேறொருவன் வீட்டுப் பெடியன் இதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

தொண்டையைச் செருமினார்.

"ஆரும் ஒராள் ஓடிப்போய் ஆண்டியப்பனை மறியுங்கோ. விசுவமடுக்காரரிட்ட நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லச் சொல்லுங்கோ."

"அப்ப எம் புள்ள?"

"நாளைக்கு நாங்கள் பொம்பிளை பாக்க வாறம்."

சுதாகரன் மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கட்டிப்பிடிக்க வேறு எதுவும் அந்த நேரத்தில் கிட்டத்தில் இல்லை.

கேஸ் முடிந்தது!

...என்று ஊர் நினைத்தது.

மத்தியானம். ராஜினி வீடு. தாட்சாயினி கற்றாளைச் சோற்றை வழித்து ராஜினியின் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தாள். சிவப்பு ஏறக்குறைய வற்றிவிட்டது.

தடவிய கை நடுவழியில் நின்றது.

"ராஜினி."

"என்னக்கா?"

"நான் சீரம் பூசச் சொன்னது எந்தக் கன்னத்தில?"

"வலக் கன்னத்தில."

"இண்டைக்குச் சிவந்தது எது?"

ராஜினி இடக் கன்னத்தைக் கையால் மறைத்தாள்.

"சீரமெண்டு நினைச்சுப் பூசியிருந்தால் வலப்பக்கம்தானே பூசியிருப்பாய்? நீ அதை இடப்பக்கம் பூசியிருக்கிறாய். அது பெற்றோலெண்டு உனக்கு முன்னமே தெரியும்."



"பூசினது ஒரு சொட்டுத்தான், அக்கா. மிச்சச் சிவப்பெல்லாம் துவாயால உரஞ்சினது." ராஜினி தலையைக் குனிந்தாள். "வலக் கன்னத்தை அஞ்சு நாளாப் பார்த்துப் பார்த்து வச்சிருக்கிறியள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

தாட்சாயினிக்குக் கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை. தன்னை ஊருக்கு முன்னால் கூண்டில் ஏற்றியவள், தன் பரிசோதனையைப் பழுதாகாமல் காப்பாற்றியும் இருக்கிறாள்.

"அப்ப போத்தலை மாத்தினது?"

"நான்தான். அவர் வேலியடியில நிண்டு அழுதுகொண்டிருந்தார். நான் கதைச்சுக் கதைச்சே பைக்குள்ள மாத்தி வச்சிட்டன். எஞ்சின் சூடா இருந்ததால அவருக்குப் போகேக்க பெற்றோல் தேவைப்படேல்லை. பாவம், தான்தான் மாறி எடுத்ததெண்டு இப்பவும் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்புறார்."

"பின்னேரம் வரப்போறவையை நிப்பாட்டவோ இவ்வளவும்?"

"அதுக்கும்தான். அவரிண்ட அப்பாவுக்கு விசயம் தெரியவேணும். இவர் வாய் திறக்கமாட்டார். வேற ஆரையேன் கட்டிக்கொண்டு நான் எப்பிடி இருக்கிறது, அக்கா?"

அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை.

தாட்சாயினி அவள் தலையைத் தடவினாள். பிறகு சந்தேகம் வந்தது.

"எஞ்சின் சூடு, காபரேற்றர், போத்தல்... மோட்டச்சைக்கிளைப் பற்றி இவ்வளவு விசயம் உனக்கு ஆர் சொன்னது?"

ராஜினி வாசலைப் பார்த்தாள்.

வாசலில் ஜெகதீஸ்வரி நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். காலையில் சுளகோடு நின்று திகைத்த அதே முகம்... இப்போது அதில் திகைப்பு மருந்துக்கும் இல்லை.

"நான்தான் பிள்ளை."

"மாமி... நீங்களோ?"

"பெடியன் ரெண்டு வருசமாச் சாப்பிடாமக் கொள்ளாம மெலியிறான். பெத்தவளுக்குத் தெரியாதோ?" அவள் வாழைப்பழத்தை ராஜினியின் மடியில் வைத்துவிட்டு நிலத்தில் அமர்ந்தாள். "இந்த மனுசனிட்ட வீட்டுக்குள்ள கேட்டால் எல்லாத்துக்கும் ஏலாதெண்டுதான் சொல்லுவார். ஊருக்கு முன்னால கேட்டால் நியாயம் தவறமாட்டார். அதுதான் கேஸை ஊருக்குள்ள கொண்டந்தனான்."

தாட்சாயினி வாயைப் பிளந்தாள்.

"மாமி, எப்பயேன் ஒருநாள் விதானையாருக்கு உண்மை தெரிய வந்தால்?"

ஜெகதீஸ்வரி ஒரு வாழைப்பழத்தை நிதானமாக உரித்தாள்.

"தெரிஞ்சால் என்ன பிள்ளை? விசாரிச்சதும் அவர், தீர்ப்புச் சொன்னதும் அவர். அப்பீல் கேக்கிறதெண்டால் என்னட்டைத்தான் வரவேணும்."