காஜா பெராங்குக்குப் போகாத மசாலா

மலாயாவுக்கு மெர்டேக்கா என்னும் விடுதலை கிடைத்த ஆண்டு அது. மலாக்காவில் எல்லாருக்கும் எதையாவது புதிதாகச் செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு. ஏங்க வைக்கும் நாட்கள் அவை! ஜாலான் பெண்டஹாராவில் மசாலாக் கடை நடத்திய கலியாணசுந்தரம் மட்டும், ஒரு காலையில் முகம் கறுத்துப்போய், காஜா பெராங்கில் இருந்த துப்பறிவாளர் அப்பாசாமியின் வீட்டுக்கு வந்தார்.

"கடைக்குள்ளயே இருந்து ஒருத்தன் எனக்குக் குழி பறிக்கிறான், அண்ணே" என்று ஒரு மரப்பெட்டியை மேசையில் வைத்தார்.

சைக்கிளில் மசாலா விற்றுத் தொடங்கியவர் அவர். வியாபாரம் பெருகியதும் யார் வீட்டுக்கு எந்தத் தூள் என்பது மனத்தில் நிற்கவில்லை. கடையில் வேலைக்குச் சேர்ந்த கருணாகரன் என்ற இளைஞர் அந்தக் கடைக்கென்றே ஓர் ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை. மேல் ஓரத்தில் ஒவ்வொரு தூளுக்கும் ஒரு துளை. வேண்டிய தூளின் துளை மட்டும் விளிம்புவரை வெட்டப்பட்டிருக்கும். அட்டைகளை அடுக்கி, ஒரு தூளின் துளைக்குள் பின்னல் ஊசியைக் கோத்துத் தூக்கினால் வெட்டிய அட்டைகள் விழும். விழுந்த வீடுகளுக்குத் தூள் போகும்.

"சரஸ்வதி பூஜைக்கு இந்தப் பெட்டியைத்தான் சாமி முன்னால வச்சேன். அதுக்கப்புறம் சில வீட்டுக்குத் தூளே போகல. நேத்து சிட்டி கம்போங் மீனாச்சி, மலாய் பேசுற செட்டிப் பொம்பளை, கடைக்கே வந்து, 'சுடா லூப்பா கா?'ன்னு கேட்டுச்சு. மறந்துட்டியான்னு! நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. கருணாகரனை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிட்டு, பெட்டியை அடுப்புல போடப் போறேன்."

அப்பாசாமியின் நண்பர், டாக்சி ஓட்டும் மருதமுத்து, துள்ளி எழுந்தார். "எதிர்க்கடைக்காரன் அவனை விலைக்கு வாங்கியிருப்பான்! போய் ரெண்டு தட்டு தட்டட்டா?"

"கூட்டிட்டு மட்டும் வாங்க" என்ற அப்பாசாமி, கலியாணசுந்தரத்திடம் திரும்பினார். "எந்தெந்த வீடு விட்டுப்போச்சு?"

யோசிக்காமல் ஒப்பித்தார் அவர். "மீனாச்சி, உஜோங் பாசிர் பொன்னையா, இதே காஜா பெராங் காமாட்சி... எல்லாம் நான் சைக்கிள் மிதிச்ச காலத்து ஆளுங்க."

அப்பாசாமி பெட்டியிலிருந்து மீனாச்சியின் அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். வெட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினார். சற்று நேரத்தில் கருணாகரன் வந்து நின்றார், பாவம், வேர்த்து விறுவிறுத்து.

"தம்பி, இதுல யாரு பழைய வாடிக்கை?"

"தெரியாதுங்க. நான் போன வருஷம்தான் வந்தேன். அட்டையிலயும் அதைக் குறிக்கல. தூள் எடுத்துக் கொடுக்கிறவங்களும் புது ஆளுங்கதான்."

"பாத்தீங்களா, மருதமுத்து? விட்டுப்போனது பூரா பழைய வீடு. அது எதுன்னு ஒருத்தர் மனசுக்குத்தான் தெரியும்." அவர் நகத்தை நீட்டினார். மஞ்சளாய் ஒரு துகள். "சந்தனம். பூஜையில தொழில் சாமானுக்குப் பொட்டு வைப்போம். நீங்க எல்லா அட்டைக்கும் வச்சீங்களா, கலியாணசுந்தரம்?"

கடைக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இல்ல... என்கிட்ட மொதமொதல்ல வாங்கின வீடுங்களுக்கு மட்டும். நெத்தியில வைக்கிற மாதிரி மேல் ஓரத்துல வச்சேன். மறுநாளே தொடைச்சிட்டேனே!"

"மேலாப்புலதான் தொடைச்சீங்க. வெட்டுக்குள்ள காஞ்சு இறுகிப்போச்சு. அட்டையும் மஞ்சள், யாரு கண்ணுலயும் படல. அது அடைச்சிக்கிட்டதால அட்டை ஊசியை விட்டு விழல."

மருதமுத்து அசடு வழிந்தார். கலியாணசுந்தரம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். கண் கலங்கிவிட்டது.

"மறக்கக் கூடாதுன்னுதான்யா வச்சேன்" என்றார்.

கருணாகரன்தான் தயங்கி வாயைத் திறந்தார். "தப்பு என்மேலதான், மொதலாளி. பூஜையை நான் நெனைச்சே பாக்கல. ஒவ்வொரு அட்டை நடுவுலயும் ஒரு வட்டம் போட்டுத் தர்றேன். வர்ற வருஷம் பொட்டை அங்க வைங்க."

கலியாணசுந்தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியை எடுத்துக் கருணாகரன் கையில் கொடுத்தார்.

"பொட்டு யாருக்குன்னு நான் சொல்றேன். வைக்கிறது நீ."