மாயகிருஷ்ணனின் நெற்றி

சுப்புத்தாயின் முதுகுப் புண்ணில் ஒட்டிக்கிடந்த பஞ்சைத் தீபலட்சுமி உரித்தெடுத்தபோது, நெற்றியைச் சுளித்தது பக்கத்துக் கட்டிலில் கிடந்த மாயகிருஷ்ணன்.

தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தாள். கோவில்பட்டியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டே நோயாளிகள். வாதம் வந்து நினைவு தப்பிய கடம்பூர் சுப்புத்தாய். கயத்தாறு ரோட்டில் லாரியோடு கவிழ்ந்து மண்டையில் அடிபட்ட டிரைவர் மாயகிருஷ்ணன். இருவர் தொண்டையிலும் குழாய். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது நர்ஸின் வேலை. நெற்றி சுருங்குகிறதா, விரல் இறுகுகிறதா, மூச்சு மெசினோடு மல்லுக்கட்டுகிறதா என்று பகல் முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு முகங்களைத்தான். ஜன்னலில்லாத அறை. ஏசியிலிருந்து வாளிக்குள் சொட்டும் தண்ணீர், டெட்டால் வாசனைக்கு அடியில் புண்ணின் இனித்த நாற்றம், மெசின்கள் மாறி மாறி இழுத்துவிடும் மூச்சு. "பொறுத்துக்கோங்கம்மா, இந்தா முடிஞ்சிட்டு" என்று அவர்களிடமே பேசிப் பேசி, தன் குரலே அவளுக்கு வேற்றாள் குரலாகக் கேட்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் நடுவிலிருந்த திரையை இழுத்து மூடிவிட்டு, சர்க்கரை பார்க்க சுப்புத்தாயின் விரலில் குத்தினாள். சுப்புத்தாயின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் மாயகிருஷ்ணனின் கை கட்டிலில் தட்டுகிற சத்தம் கேட்டது.

அவள் சொன்னதைக் கேட்டு டாக்டர் சௌந்தரபாண்டியன் சிரித்தார். "லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வாம்மா."

குளத்தூரில் அம்மா போனபிறகு பூட்டிய வீடு. அங்கே யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை முற்பகலில் சுப்புத்தாயின் உயிர் அடங்கியது. மானிட்டரில் கோடு நேரானபோது, அந்தப் பையனாவது இனி நிம்மதியாகக் கிடப்பான் என்று தீபலட்சுமிக்குத் தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. பிணத்தின் கன்னத்திலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து, தொண்டைக் குழாயை மெல்ல உருவினாள்.

திரைக்குப் பின்னால் மாயகிருஷ்ணன் குமட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து, பிணத்தின் கையில் சொருகியிருந்த ஊசியைத் தொட்டு அசைத்தாள். திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

செத்த பிறகும் வலிக்கிறது.

உடலை வாங்க வந்த மகன் இசக்கிராஜாவை வராந்தாவில் மறித்தாள்.

"அண்ணாச்சி, அடக்கம் எப்படி?"

"பொழுதுசாய எரிச்சிருவோம் சிஸ்டர்."

"புதைச்சா ஆகாதா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கள்ல எரிக்கதுதான் வழக்கம். எதுக்குக் கேக்கிய?"

அழுது வீங்கிய அந்தக் கண்களைப் பார்த்து, உங்க அம்மாவுக்கு இன்னும் வலிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. வண்டி கிளம்பிப் போனது.

டாக்டரிடம் ஓடினாள். "மாயகிருஷ்ணனுக்கு மயக்க மருந்தைக் கூட்டி வைங்க சார். நல்லா ஆழமா."

"முகம் தெளிவா இருக்கு, கை தளர்வா இருக்கு. வலி பூஜ்யம். பூஜ்யத்துக்கு மருந்து போட்டா அவன் எப்ப கண்ணு முழிக்க?" ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

அவள் மாயகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுப்புத்தாயின் கட்டிலில் புது விரிப்பு. மெசின் மூச்சு இப்போது ஒன்றுதான். வாளியில் தண்ணீர் சொட்டியது. வெளியே வெயில் இறங்கியிருக்கும். கடம்பூரில் சிதைக்குத் தீ வைத்திருப்பார்கள்.

முதலில் நெற்றி சுருங்கியது.

பிறகு கன்னம். உதடு. குழாயைச் சுற்றி வாய் அகலத் திறந்தது. சத்தமில்லை. கண்ணோரம் நீர் கொட்டியது. மெசின் அலறியது. தொட்டுப் பார்த்தாள். தோல் குளிர்ந்திருந்தது. அலமாரியைத் திறந்து மயக்க ஊசி ஒன்றை முழுவதும் ஏற்றினாள். குறையவில்லை. இன்னொன்று. குறையவில்லை.

"மாயகிருஷ்ணா. ஏலே. நான் இங்கனதான் இருக்கேன்."

கைகள் முழங்கையில் மடங்கி மேலே வந்தன. முழங்கால்கள் மடங்கின. முதுகு வளைந்தது. இத்தனை நாள் தலையைக்கூடத் தூக்காதவன் மெல்ல, மெல்ல, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

வெட்டியான் தடியால் ஓங்கி அடித்ததுபோல் அவன் நெஞ்சு அதிர்ந்தது. படுக்கையில் சாய்ந்தான்.

திரும்பவும் எழுந்தான்.