பஞ்சு தின்ற சுவர்

அந்தச் சுவர் நான்கு மூட்டைப் பஞ்சுக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. அவனோ ஒன்பதாவது மூட்டையை மெஷினில் கொட்டிக்கொண்டிருந்தான்.

பழைய ஆஸ்பத்திரியை, மின்சாரம் மிச்சமாகும் வீடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஒரு சாண் இடைவெளி. துளை போட்டு, குழாயால் அதில் அரைத்த காகிதப் பஞ்சை ஊதி நிரப்பிவிட்டால் வெயிலும் குளிரும் உள்ளே வராது. மெஷின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் மைத்துனன் பக்கத்து அறையில் நின்று சுவரில் காதை வைத்துக் கேட்டு, தட்டிச் சொல்வான். ஒரு தட்டு என்றால் ஊது, இரண்டு என்றால் போதும். சுவரில் பதித்த உள்ளங்கையில் அந்தத் தட்டு தெரியும்.

இப்போதும் தெரிந்தது. ஒன்று.

ஊதினான். பஞ்சு இறங்கும் சரசரப்புக்கு அடியில், தண்ணீர் குடிப்பவனின் தொண்டையைப் போல ஏதோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துளையிலிருந்து மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை வந்தது. மெஷினை நிறுத்தினான்.

"என்ன மாமா, சுவருக்கு இன்னும் பசி அடங்கலையா?"

திரும்பினான். வாசலில் மைத்துனன், கையில் இரண்டு டீ.

"நீ எப்ப கீழ போன?"

"அப்பவே போயிட்டேனே. கடையில ஒரே கூட்டம்."

"அப்ப தட்டினது யாரு?"

"பில்லு கட்டாத நோயாளி எவனாச்சும் இன்னும் படுத்திருப்பான்." சிரித்தான்.

"விளையாடாத மாப்ள. மெஷினை வண்டியில ஏத்து, போயிடலாம்."

"பாதியில விட்டுட்டுப் போனா இன்ஜினியர் நம்ம ரெண்டு பேரையும் உள்ள வச்சுப் பூசிடுவாரு. இருங்க, பாத்துட்டு வந்துடறேன்."

மெஷின் பக்கம் நின்றவனின் மனைவிக்கு இருப்பது இந்த ஒரு தம்பிதான். கண்ணைவிட்டு அகலாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் கூட அனுப்பியிருந்தாள்.

மைத்துனன் நுழைந்ததும் பக்கத்து அறையின் கதவு மூடிக்கொண்டது. விளிம்பெல்லாம் ரப்பர் வைத்த புதுக்கதவு. காலடிச் சத்தம் கத்தரித்ததுபோல நின்றது. இவன் இந்தப் பக்கம் சுவரில் கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு தட்டு.

அப்பாடா. மைத்துனன்தான். யோசிக்கவில்லை. பழகிய விரல் தானாகப் பொத்தானை அமுக்கிவிட்டது.

குழாய் துள்ளியது. உள்ளங்கையில் தட்டு. ஒன்றல்ல, இரண்டல்ல. இரண்டு கையாலும் அறைவதுபோல. மேலே. கீழே. உள்ளேயிருந்து.

தடுமாறிப் பொத்தானைத் தேடி நிறுத்தினான்.

"மாப்ள?"

ஓடினான். பக்கத்து அறை காலி. வேறு வாசல் கிடையாது. சுவரோரம் மைத்துனனின் ஒற்றைச் செருப்பு, நுனி சுவரைப் பார்த்தபடி.

சம்மட்டியால் அடித்தான். செங்கல் பெயர்ந்தது. இடைவெளி இல்லை. பஞ்சு இல்லை. செங்கல். அதையும் உடைத்தான். செங்கல். அதற்கும் பின்னால் செங்கல்.

கை ஓய்ந்துபோய், கன்னத்தைச் சுவரில் சாய்த்தான்.

இரண்டு கல்லுக்கு நடுவே, காரை இடுக்கில், எச்சில் ஊறிய பஞ்சு ஒரு நூலளவு வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக.