அடக்க விலைக்கு ஓர் எலுமிச்சை ஐஸ்

வெயில்முத்து அண்ணாச்சியின் சிறுநீரகத்தில் ஒன்பது மணி நேரம். ஒரு பிஸ்தா குல்ஃபியின் விலை அது.

சொன்னது அவர் மணிக்கட்டில் கிடந்த கணிக்காப்பு. தோல் வழியே ரத்தத்தைப் படித்து, எதைத் தின்றால் டயாலிசிஸ் நாற்காலி எத்தனை மணி நேரம் முன்னால் வரும் என்று சொல்லும் கருவி. விருதுநகரில் முதல் காப்பு ஏறியது அவர் கையில்தான். ஊரிலுள்ள மற்ற காப்புகளெல்லாம் அதனிடமிருந்துதான் பேசக் கற்றன. அந்தப் பெருமையில், மிளகாய் வத்தல் வியாபாரியான அண்ணாச்சி காலரை இறக்கியதே இல்லை.

"ஒன்பதா? மிளகாய் வத்தலுக்குக்கூட நான் இப்படி ஏத்திச் சொன்னதில்லலே. நாலு."

"பால்ல பாஸ்பரஸ், பிஸ்தாவுல பொட்டாசியம். கட்டுபடியாகாது அண்ணாச்சி. அஞ்சு."

டாக்டர் அனுமதித்தது வாரத்துக்கு ஒரே மணி நேரம். அண்ணாச்சி ஐஸ் கடையின் அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். "எலுமிச்சை ஐஸ்?"

"பால் இல்ல. ஆனா உருகினா தண்ணிதான், இன்னைக்குத் தண்ணிக் கணக்குல சேரும். ரெண்டு மணி."

வேண்டாமென்று அண்ணாச்சி வாசலைப் பார்த்து நடந்தார். காப்பும் கையோடுதான் போனது. இருந்தாலும் அவர் படியில் கால் வைக்குமுன் அது இறங்கி வந்தது: "சரி, ஒண்ணு."

சண்டையில் ஜெயித்தவர்போல் கப்போடு திரும்பினார்.

எதிரே மனைவி தனபாக்கியம். தபாலாபீசில் முப்பது வருடம், அச்சடித்த விலைக்கே ஸ்டாம்பு விற்றவள். இருவருக்கும் ஒரே அளவு பழுது, ஒரே மருந்துச் சீட்டு. சனிக்கிழமைதோறும் அவள் காப்பு "ரெண்டு மணி" என்னும். அவள் "வேண்டாம்" என்பாள். பேரம் பேசி இந்த மனுஷன் தன் உயிரைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தாள். இன்று தன் காப்பிடம் கேட்டே விட்டாள்.

"நெசமாச் சொல்லு. அடக்க விலை என்ன?"

"ஒரு மணி நேரம்மா."

"அப்ப ரெண்டுன்னது?"

"முதல்ல அப்படித்தான் சொல்லணும். அண்ணாச்சி கையில கத்துக்கிட்டது. நீங்க குறைச்சுக் கேக்கவே இல்லையே!"

அண்ணாச்சியின் கரண்டி பாதி வழியில் நின்றது. மூன்று வருட வெற்றியும் வெறும் அடக்க விலை.

தனபாக்கியம் ஒரு கப் வாங்கி, முதல் கரண்டிக்குக் கண்ணை மூடினாள்.

"போன வாரத்தோட மூணு வருஷம். உங்களுக்கு நூத்தம்பத்தாறு கப். எனக்கு ஒண்ணுகூட இல்ல."

"பாக்கியம், அது வந்து..."

"இருங்க. அப்ப என் கிட்னியில நூத்தம்பத்தாறு மணி நேரம் மிச்சம். ஆறரை நாள்!" அவள் குரலில் அப்படியொரு மிடுக்கை அவர் கேட்டதில்லை. "நாற்காலிக்கு நீங்க முன்னால போங்க. பக்கத்துல எனக்கு இடம் போட்டு வைங்க."

"நான் மட்டும் தனியாவா? அதுல ஒரு மூணு நாள்... எனக்காக விட்டுக் குடேன்."

"ஆறரை. ஒரு மணி குறையாது."

இன்றைய கப் ஆளுக்கொன்று, சரிக்குச் சரி. பழைய பாக்கி ஆறரை நாள், அவள் பக்கம்.